பி.சி.சி. கேட்டது சரி, குரூப்பில் போட்டது தப்பு

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்காக ஆறு வருடமாக மாலை நேரப் படிப்பு மையம் நடத்தி வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை கபடிப் பயிற்சியும் உண்டு. நாற்பது பிள்ளைகள். சொல்லிக்கொடுக்க வருகிற பதினோரு பேரும் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களில் நாலு பேர் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, “இவங்கெல்லாம் யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டார். நியாயம்தான் என்று எல்லாரிடமும் போலீஸ் சான்றும் (பி.சி.சி.) ஆதார் நகலும் கேட்டோம். வந்தவற்றை எங்கள் செயலாளர் போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் முகவரி, பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தது. மறுநாளிலிருந்து அவளுக்குத் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு. வருவதையே நிறுத்திவிட்டாள். கபடி சொல்லித்தரும் பொள்ளாச்சித் தம்பி சான்றே கொண்டுவரவில்லை. தனியாகக் கேட்டபோது, 19 வயதில் திருவிழாவில் நடந்த அடிதடியில் தன் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள், வழக்கு இன்னும் முடியவில்லை என்றார். மற்றவர்களோ, “இத்தனை வருஷம் பழகினோம், இப்ப எங்களைத் திருடன் மாதிரி பார்க்கிறீங்க” என்கிறார்கள். நான் செய்தது தப்பா? இனி என்ன செய்ய வேண்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தில் நாலு விஷயம் பின்னிக் கிடக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் பெண்.

இன்றைக்கே குரூப்பில் இருக்கும் படங்களை அழிக்கச் சொல்லுங்கள். தரவிறக்கி வைத்தவர்களும் தங்கள் போனிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று உங்கள் பெயரிலேயே ஒரு செய்தி போடுங்கள். செயலாளர் பெயரில் வேண்டாம், பொறுப்பு உங்களுடையது. பிறகு செயலாளரையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள். போனில் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடாதீர்கள். அவள் அப்பா அம்மா இருக்கும்போது, “தப்பு எங்களுடையது” என்று சொல்லுங்கள். நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பெண்ணுக்குத் தெரியாத ஆள் போன் பண்ணுகிறான் என்றால் வீட்டில் முதல் கேள்வி அவளிடம்தான் கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் போய் நிறுத்த வேண்டும். வந்த எண்களையும் நேரத்தையும் அவள் குறித்து வைத்துக்கொள்ளட்டும், ஸ்கிரீன்ஷாட் இருந்தால் அழிக்க வேண்டாம். தொல்லை தொடர்ந்தால் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழைக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது அவள் முடிவு. அவளுக்காக நீங்கள் முந்திக்கொண்டு புகார் எழுதிவிட வேண்டாம்.

சரி, கேட்டது தப்பா என்ற உங்கள் கேள்விக்கு வருவோம். தப்பே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதற்கான புதிய விதிகள் 2020-ல் வந்தன. குழந்தைகள் தங்கும் இடமோ, குழந்தைகளோடு அடிக்கடி பழகும் இடமோ, அது பள்ளிக்கூடமாக இருந்தாலும் விளையாட்டுப் பயிற்சி நிலையமாக இருந்தாலும், அங்கே வேலை செய்பவர்கள் எல்லாரையும் அவ்வப்போது போலீஸ் சரிபார்ப்புக்கு உட்படுத்த வேண்டும் என்று மூன்றாம் விதி சொல்கிறது. குழந்தைப் பாதுகாப்பு பற்றி அவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த விதியில் ‘ஊழியர்’ என்ற சொல்தான் இருக்கிறது. சம்பளமில்லாமல் வருகிறவர் அதற்குள் வருவாரா என்று கோர்ட்டில் நின்று ரெண்டு பக்கமும் வாதாட முடியும். என்னைக் கேட்டால், அந்த வாதத்துக்கே போக வேண்டாம். தனக்குக் கணக்குச் சொல்லித்தரும் அண்ணனுக்கு மாதச் சம்பளம் உண்டா என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது. அண்ணன் சொன்னால் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்தத் தாய் கேட்டது சரியான கேள்வி. அதுவும் 2017-ல் வாளையாறில் பாலியல் கொடுமைக்கு ஆளான ரெண்டு சிறுமிகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. இங்கே அந்தக் கேள்வி எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரியாமல் வாங்கினால், பீரோவில் ஒரு கட்டுத் தாள் சேரும், அவ்வளவுதான்.

எல்லோரும் பி.சி.சி., பி.சி.சி. என்கிறோம். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கான பி.சி.சி. பாஸ்போர்ட் அலுவலகம் கொடுப்பது. கேரள போலீஸ் உள்ளூர்த் தேவைக்குக் கொடுப்பது ‘குற்றங்களில் சம்பந்தப்படவில்லை’ என்ற சான்று. போல்-ஆப் செயலியிலோ துணா இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மாநில போலீஸின் இணையதளத்தில் சரிபார்ப்புச் சேவை தனியாக இருக்கிறது. உங்கள் பதினோரு பேரும் ஒரே மாதிரித் தாளைக் கொண்டுவர முடியாது. கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. இதில் இன்னொன்றும் உண்டு. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், ஆள் மாறுவதில்லை. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கல்லூரி, நடுவில் ரெண்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை என்று இருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இப்போதைய முகவரிக்கு வாங்கிய சான்றை மட்டும் பார்த்தால் அந்த ரெண்டு வருஷம் விட்டுப்போகலாம். அதனால், ‘கடந்த ஐந்து வருடத்தில் எங்கெல்லாம் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தீர்கள்?’ என்று ஒரு வரி கேளுங்கள். ரெண்டு மாநிலமும் அதில் வந்தால் ரெண்டு பக்கமும் சான்று கேளுங்கள்.

எல்லை விஷயத்தில் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் சோஹம் என்ற சிற்றூரில் 2002 ஆகஸ்டில் பத்து வயதுச் சிறுமிகள் ரெண்டு பேரை ஒருவன் கொன்றான். அவன் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் காவல், பராமரிப்பு வேலை பார்த்தவன். அதற்கு முன்பு, 1995-க்கும் 1999-க்கும் இடையில், வேறொரு மாவட்டத்தில் இருந்தபோது அவன்மேல் பாலியல் புகார்கள் பலமுறை போலீஸ் வரை போயிருந்தன. எதிலும் தண்டனை இல்லை. அந்த மாவட்டப் போலீஸுக்குத் தெரிந்தது, அவன் வேலைக்குச் சேர்ந்த மாவட்டத்துக்கு வந்து சேரவில்லை. பள்ளி சரிபார்ப்புக்கு அனுப்பத்தான் செய்தது. பதில் சுத்தமாக வந்தது. 2004-ல் வந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கை முழுக்க இந்த ஓட்டையைப் பற்றித்தான். அதற்குப் பிறகு அங்கே முறையையே மாற்றினார்கள். இப்போது குழந்தைகளோடு பழகும் வேலைக்கான விரிவான சரிபார்ப்பில், தண்டனை இல்லாவிட்டாலும் போலீஸ் முக்கியம் என்று கருதும் தகவல் வரலாம். சம்பந்தப்பட்டவர் அதை மறுத்து முறையிடவும் வழி உண்டு. தன்னார்வலர்களுக்குக் கட்டணமும் கிடையாது.

நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியல் ஒன்று 2018 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. ஆனால் அதைப் பார்க்கிற உரிமை போலீஸ் போன்ற சட்ட அமலாக்கத் துறைகளுக்கு மட்டும்தான். நீங்களோ நானோ பெயரைப் போட்டுத் தேட முடியாது. தேட முடிந்தாலும் பெரிய பலன் இருக்காது என்பது என் எண்ணம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், போக்சோ பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர். இவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதவர்கள். சான்று கேட்டால் மறுநாளே கொண்டுவந்து நீட்டுவார்கள்.

ஆகவே சான்றைவிட எனக்கு நம்பிக்கை தருவது ரெண்டு போன் அழைப்பு. புதிதாக வருகிறவர் இதற்கு முன் எங்கே சொல்லிக்கொடுத்தார், எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டு, அங்கே இருக்கும் ரெண்டு பேரிடம் நீங்களே பேசுங்கள். கடைசியில் ஒரு கேள்வி: “உங்க பிள்ளையை இவர்கிட்ட ஒரு சாயந்திரம் விட்டுட்டுப் போவீங்களா?” பதிலைவிட, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள்.

இனி கபடித் தம்பி.

எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது ஐயா. கேட்டதும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். திருவிழாவில் சாமி ஊர்வலத்தின்போது ரெண்டு தெருப் பையன்கள் மோதிக்கொள்வதும், அங்கே நின்ற எல்லார் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறுவதும், அது ஏழெட்டு வருஷம் வாய்தாவில் ஓடுவதும் கோர்ட்டில் நான் தினம் பார்க்கிற சங்கதி. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றவாளி இல்லை. அதோடு, நீங்கள் பார்க்க வேண்டியது ‘வழக்கு இருக்கிறதா’ என்பதை மட்டும் அல்ல. அந்த வழக்குக்கும், பிள்ளைகளை அவரிடம் விடுவதற்கும் சம்பந்தம் உண்டா என்பதைத்தான். பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றம், ஆள் கடத்தல், போதைப்பொருள் என்றால் தீர்ப்பு வரும் வரை பிள்ளைகள் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு என்றால், சொல்லிக்கொடுக்கலாம், போட்டிக்குப் பிள்ளைகளை வேனில் கூட்டிப்போகும் பொறுப்பு மட்டும் வேண்டாம். திருவிழா அடிதடி? எஃப்.ஐ.ஆர். நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் சொன்னதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று நீங்களும் இன்னொரு பொறுப்பாளரும் மட்டும் உட்கார்ந்து பாருங்கள். அவர்மேல் போட்டிருக்கும் பிரிவுகள் என்ன, ஆயுதம் எடுத்தார் என்று தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால், ‘பார்த்தோம், தொடரலாம்’ என்று முடிவெழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். விஷயம் அந்த அறையைத் தாண்டக் கூடாது. செயலாளருக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். அந்த அடிதடி நடந்தபோது அவருக்குப் பதினெட்டு நிரம்பாமல் இருந்திருந்தால் கதையே வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆம் பிரிவுப்படி, முடிந்துபோன சிறார் வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிடக் கூடாது. பதினாறு வயதில் சைக்கிள் திருடி மாட்டியவனுக்கு வாழ்நாள் முழுக்க அது வால்பிடித்து வரக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். (பதினாறுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராக விசாரிக்கப்பட்டவர்கள் கணக்கு தனி.) உங்கள் விண்ணப்பத்தில் ‘உங்கள்மேல் எப்போதாவது வழக்கு இருந்ததா?’ என்று கேட்டிருந்தால் ‘18 வயதுக்குப் பிறகு’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே விண்ணப்பத்தை வேறு ஒரு விஷயத்துக்காகவும் பாருங்கள். சாதி, மதம், ரத்தப் பரிசோதனை முடிவு, வங்கிக் கணக்கு எண், சமூக வலைத்தளப் பெயர் என்று இந்த மாதிரிப் படிவங்களில் ஏதேதோ இருக்கும். யாரோ எங்கேயோ தயாரித்த படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருப்போம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு உதவாத வரியை அடித்துவிடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது அரசாங்கத்துக்குச் சொன்னது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அதன் சாரம் உங்கள் மையத்துக்கும் பொருந்தும்: எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, ஒப்புதல் பெற்று, அதற்கு மட்டும் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். ‘சரிபார்க்க’ என்று வாங்கிய தாளைக் குரூப்பில் போட்டது இதில் எந்தப் படிக்குமே ஒத்துவராது.

ஒரு வாரச் சந்தை நாள். பொரிகடலை வாங்கினேன். கடைக்காரர் கூம்பாகச் சுற்றிக் கொடுத்த தாளைப் பிரித்தால் உள்ளே ஒரு இளைஞரின் முகம் சிரிக்கிறது. ஆதார் ஜெராக்ஸ். மேல் ஓரத்தில் பேனாவில், ‘கோடை முகாம், வாலண்டியர் 14’. முகாம் நடத்தியவர்கள் முடிந்ததும் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் அவர்களைப் போலப் பிள்ளைகளுக்குச் செய்தவர்கள் கிடையாது. தாளை வாங்கத் தெரிந்தது, வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அதற்கப்புறம் நான் ஆலோசனை சொல்லும் இடங்களிலெல்லாம் நகலே வாங்காதீர்கள் என்கிறேன்.

நகல் இல்லாமல் எப்படி என்றால், கோடு போட்ட நீள நோட்டு ஒன்று போதும். பெயர், என்ன அடையாள அட்டை பார்த்தோம், எந்த மாநில போலீஸ் சான்று, அதன் தேதி, பார்த்தவர் கையெழுத்து, காட்டியவர் கையெழுத்து. ஆதார் எண்ணை எழுத வேண்டாம். ஆதார்தான் காட்டுவேன் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைத் தரவிறக்கிக் காட்டலாம். ஓட்டர் கார்டோ டிரைவிங் லைசென்ஸோ காட்டினாலும் சரி. சான்றை அவர் போனிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். பார்த்தாயிற்றா, தேதியை எழுதினாயிற்றா, அவர் போன் அவர் பைக்குள் போய்விடட்டும். நோட்டு பூட்டுள்ள அலமாரியில் இருக்கட்டும், சாவி உங்களிடம். பெற்றோரிடம் என்ன சொல்வது? ‘பதினோரு பேரையும் சரிபார்த்துவிட்டோம், இந்தத் தேதியில்’ என்று மட்டும். யாராவது “எங்களுக்கும் காட்டுங்க” என்றால், மாட்டோம் என்று சொல்ல உங்களுக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. ‘அவ்வப்போது’ என்று விதி சொல்வதை நான் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்வேன். இதுவரை வாங்கிய நகல்களை எரிக்க வேண்டாம், கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். அவரவர் தாள் அவரவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

“திருடன் மாதிரி பார்க்கிறீங்க” என்கிறவர்களுக்கு ஒரே மருந்துதான். நோட்டின் முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கட்டும். ரெண்டாவது வரியில் செயலாளர். மூன்றாவது, சாவி வைத்திருந்து கதவு திறந்துவிடுகிற ஆள். ஓய்வுபெற்ற வாத்தியாரே தன் போனை நீட்டிக் காட்டும்போது மற்றவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

இவ்வளவும் ஒருவர் உள்ளே வருவதற்கு முன்னால் செய்வது. வந்த பிறகு தினம் தினம் நடப்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. எனக்கு அதுதான் கவலை.

உங்கள் மையத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த மாதிரி இடங்கள் பார்த்திருக்கிறேன். தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு ஓட்டுக் கட்டிடம், ஒரு ட்யூப் லைட், வெளியே கொஞ்சம் தள்ளி கழிப்பறை. ஏழரை மணிக்கு வகுப்பு முடிகிறது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூட்டிப் போகிறார்கள். கடைசியில் ஒரு பிள்ளை மட்டும் படியில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா பொள்ளாச்சி மார்க்கெட்டிலிருந்து வரும் பஸ் லேட். உடன் ஒரே ஒரு அண்ணன். எட்டு மணி ஆகிறது. “வா, பைக்கில் கொண்டுபோய் விட்டுடறேன்” என்கிறார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அது வெறும் உதவி. ஆனால் இந்த அரை மணி நேரத்தை எந்தச் சான்றும் பார்த்துக்கொள்ளாது. கடைசிப் பிள்ளை போகும் வரை பெரியவர்கள் ரெண்டு பேர் இருக்க வேண்டும் என்று ஒரு முறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த ரெண்டு பேர் அண்ணன் தம்பியாகவோ கணவன் மனைவியாகவோ இல்லாமல். பைக்கில் தனியாகக் கூட்டிப் போவது கிடையாது. அவசரம் என்றால் அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டு, ரெண்டு பெரியவர்கள் சேர்ந்து நடந்து கொண்டுபோய் விடுங்கள். இது அந்த அண்ணனுக்கும் பாதுகாப்பு. நாளைக்கு யாராவது ஒன்றைக் கிளப்பினால், ‘நான் தனியாக இருந்ததே இல்லை’ என்று சொல்ல அவருக்கு ஒரு சாட்சி இருக்கும்.

கழிப்பறைக்குச் சின்னப் பிள்ளைகள் ஜோடியாகப் போகட்டும். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்திருக்கட்டும், கொசு வந்தால் வலை அடியுங்கள். பிள்ளையின் போனுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவது, ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று பரிசு கொடுப்பது, ரெண்டும் கூடாது என்று எழுதியே ஒட்டிவிடுங்கள். வீட்டுப்பாடம் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பெற்றோர் குரூப்பில் சொல்லலாம். (அந்தக் குரூப்புக்கு அப்படி ஒரு நல்ல உபயோகமும் உண்டு!) கபடியில் தொடாமல் சொல்லிக்கொடுக்க முடியாதுதான். பிடி காட்டும்போது மைதானத்தில், எல்லார் கண்ணெதிரில், “இப்படிப் பிடிக்கப் போறேன், சரியா?” என்று சொல்லிவிட்டுக் காட்டட்டும். சுளுக்குக்கு எண்ணெய் தேய்ப்பது வீட்டில் நடக்கட்டும். பெண் பிள்ளைகள் ஆடினால் மைதானத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் இருந்தே ஆக வேண்டும். பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் பழக்கத்தையும் இதோடு நிறுத்திவிடுங்கள், அவர்களுக்கும் அந்தரங்கம் உண்டு.

எப்போதாவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, “அந்த அண்ணன் இப்படிப் பண்ணாரு” என்று சொன்னால்? இதைக் கவனமாகப் படியுங்கள் ஐயா, ஏனென்றால் நல்லவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள். குழுவைக் கூட்டி விசாரிக்கக் கூடாது. அந்த அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது. பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லக் கூடாது. “நம்ம ஊருக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்” என்று பெரிய மனிதர் யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். போக்சோவின் 19-ஆம் பிரிவுப்படி, இப்படி நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. நல்ல நோக்கத்தில் தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தாலும் வழி காட்டுவார்கள். அதே நாளில், காரணம் எதுவும் சொல்லாமல், அந்த ஆளைப் பிள்ளைகள் பக்கம் வராமல் நிறுத்தி வையுங்கள்.

எல்லையில் இருப்பதால் ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். சம்பவம் பொள்ளாச்சிப் பக்கம் போட்டிக்குப் போன இடத்தில் நடந்தது, இங்கே புகார் வாங்க முடியாது என்று எந்த ஸ்டேஷனும் சொல்ல முடியாது. எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-ஆம் பிரிவில் எழுதியே இருக்கிறது. அடுத்தது மொழி. நம் பிள்ளை தமிழில்தான் சொல்லும். எழுதுகிற மொழி பிள்ளைக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பவரை ஏற்பாடு செய்வது போலீஸின் கடமை. நீங்கள் மலையாளம் தெரிந்தவர் என்பதால் அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள், பிறகு சாட்சிக் கூண்டில் சிக்கல் வரும்.

பிள்ளையின் பெயர் எங்கேயும் வரக் கூடாது. உங்கள் நோட்டில்கூட.

கபடித் தம்பிக்கு இன்னொரு வழியும் உண்டு. அடிபட்டவர்களும் இவர்களும் இப்போது சமாதானமாக இருந்தால், சாதாரணக் காயம் பற்றிய பிரிவில் அந்தக் கோர்ட்டிலேயே ராஜியாகலாம். கும்பல் கூடியது போன்ற பிரிவுகளும் சேர்ந்திருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம், ரெண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட இந்த மாதிரி வழக்குகளை ரத்து செய்வது வழக்கம்தான். அவர் சம்மதித்தால் வழக்கு எண்ணை மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து அவரிடமே சொல்கிறேன். உங்கள் மூலமாக வேண்டாம்.